பேச்சுமொழிக்குக் கிடைத்த அரியணை

கேள்வி: வட்டார வழக்கில் எழுதிய கவிஞரின் பாட்டு ஒரு மாநிலத்துக்கே கீதமானது உண்டா?

பதில்: உண்டு, ஆஸ்திரியாவில்! மேல் ஆஸ்திரிய மாநிலத்தின் கீதம், ஏட்டு ஜெர்மனில் இல்லை. உழவர் வீட்டு அடுப்படியில் புழங்கும் மொழியில் இருக்கிறது. எழுதியவர் ஃபிரான்ஸ் ஸ்டெல்ஸ்ஹாமர்.

1802இல் கிராஸ்பீசன்ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தவர். சட்டம் படித்தார், முடிக்கவில்லை. ஓவியம், குருமடம், நாடகக் குழு என்று அலைந்தும் எதிலும் கால் தரிக்கவில்லை. ஒட்டிக்கொண்டது அம்மா பேசிய மொழி மட்டும்தான். 1837இல் அந்த மொழியிலேயே முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார். பிறகு ஊர் ஊராகப் போய்த் தன் கவிதைகளைத் தானே சொல்லிக் காட்டிப் பிழைத்தார். அச்சில் படிப்பதைவிடக் காதால் கேட்டால்தான் இந்த மொழிக்கு உயிர் வரும். அதை அறிந்தவர் அவர்.

துணிச்சலும் அதிகம். ஹோமர் கையாண்ட அறுசீர் யாப்பில், பாட்டியைப் பற்றி 1851இல் ஒரு காவியமே பாடினார். வட்டார வழக்கு நகைச்சுவைக்கு மட்டும்தான் என்றவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

1874இல் மறைந்தார். பத்து ஆண்டு கழித்து ஹான்ஸ் ஷ்னோப்ஹாகன் இசையமைத்த, ஸ்டெல்ஸ்ஹாமரின் ‘ஹோமட்க்சங்’ என்ற பாட்டு 1952இல் மாநில கீதமானது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1852இல் யூதர்களை இழிவுபடுத்திக் கொடிய உரைநடை ஒன்றையும் எழுதியிருக்கிறார். அவர் பெயரை எங்கே, எப்படிப் போற்றுவது என்ற விவாதம் இன்றும் அங்கே நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும்.