பேசுவதற்கும் ஃபீஸா?

கேள்வி: என் மனைவி கவுன்சலிங் போகலாம் என்கிறாள். பேசுவதற்குப் போய்க் காசு கொடுப்பார்களா?

பதில்: வீட்டில் இலவசமாகப் பேசித்தானே இந்த நிலைக்கு வந்திருக்கிறீர்கள்! 1880களின் தொடக்கத்தில், வியன்னாவில் டாக்டர் பிராயரிடம் மனதில் இருப்பதைக் கொட்டிய ஒரு பெண்தான் இதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தார். விளையாட்டாக, 'புகைபோக்கி சுத்தம் செய்வது' என்றும் சொல்வாராம். பெயர் வைத்தவர் டாக்டர் அல்ல, நோயாளி!

தனியாகப் போனால் 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய முறை கிடைக்கலாம்: 'அவள் என்னை மதிப்பதே இல்லை' என்றால் ஆதாரம் கேட்பார்கள். வீட்டுப்பாடமும் உண்டு. குடும்பத்தோடு போனால், பையனின் அடத்தில் யார் யாருக்குப் பங்கு என்று பார்ப்பார்கள். தம்பதியாகப் போனால், சண்டை எங்கே தொடங்கி எப்படிச் சுற்றுகிறது என்பதுதான் பேச்சு, தீர்ப்பு கிடையாது. ஆகவே சொம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

காசுதான் கவலையென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம். ஆனால் உங்கள் மனைவி கூப்பிட்டது நேரில் வரச் சொல்லி!