கூடுதல் தாள் வாங்கிய மரம்

கேள்வி: ஊசியிலை மரங்களுக்கு மனிதனைவிட ஆறேழு மடங்கு டி.என்.ஏ. இருக்கிறதாமே! அப்படியானால் அவை நம்மைவிட அறிவாளிகளா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பரீட்சையில் கூடுதல் தாள் கேட்டு வாங்கிய மாணவனெல்லாம் முதலிடம் பிடித்தானா என்ன? ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2013-இல் நார்வே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் மரபணுத்தொகுதியை வாசித்தார்கள். சுமார் 2,000 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மனிதனுக்கு 300 கோடிதான். ஆனால் ஸ்ப்ரூஸின் மரபணுக்கள் என்று எண்ணினால் ஏறத்தாழ 28,000. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகக் களைச்செடியிடமும் கிட்டத்தட்ட அவ்வளவு உண்டு!

மிச்சத்தில் பெரும்பகுதி ‘தாவும் மரபணுக்கள்’. தம்மையே நகலெடுத்து, கண்ட இடத்தில் செருகிக்கொள்ளும் ஆசாமிகள். பூக்கும் தாவரங்களில் பல இவற்றை அவ்வப்போது வெட்டி எறிந்துவிடும். ஊசியிலை மரங்கள் அந்த விஷயத்தில் படு சோம்பல். கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. தூரத்து உறவான கிங்கோவிடமும் சுமார் 1,000 கோடி எழுத்துகள்.

அதற்காகப் பூச்செடிகளை ரொம்பவும் மெச்ச வேண்டாம். ஜப்பானின் பாரிஸ் ஜப்போனிக்காவுக்கு 14,900 கோடி! அந்தச் சாதனையையும் 2024-இல் நியூ கலிடோனியாவின் பெரணி ஒன்று 16,000 கோடியுடன் முறியடித்துவிட்டது. உயரம் ஒரு சாண்கூடத் தேறாது. அறிவுப் போட்டிதான் வேண்டுமென்றால் முதலில் அதனிடம் தோற்றுவிட்டு, பிறகு ஸ்ப்ரூஸிடம் வாருங்கள்.