கட்டாத வாசலுக்கு மணியடித்தவர்

ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டர் 1866 ஏப்ரல் 4-ஆம் தேதி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கோடைத் தோட்டத்தில் உலாவிவிட்டு வெளியே வந்தார். வாசலில் கூட்டம். கூட்டத்துக்குள் டிமிட்ரி கராகோசோவ் என்ற இளைஞன். படிப்பை முடிக்கவிடாமல் பல்கலைக்கழகம் வெளியேற்றியவன், கையில் துப்பாக்கி. சுட்டான். குறி தவறியது. பக்கத்தில் நின்ற தொப்பிக்கடை வேலையாள் ஓசிப் கோமிசரோவ் அவன் கையைத் தட்டிவிட்டதாகச் சொன்னார்கள். தட்டினாரா, நெரிசலில் இடித்தாரா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் அரசாங்கத்துக்கு அவசரமாக ஒரு விசுவாசி தேவைப்பட்டார். அகப்பட்டவரைப் பிடித்துப் பிரபுவாக்கிவிட்டது. ஊருக்கெல்லாம் தொப்பி தைத்தவருக்கு ஊரே தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னது. கராகோசோவுக்கு செப்டம்பரில் தூக்கு.

சாதாரண ஆள் உயிர் தப்பினால் மொட்டை போட்டுக்கொள்ளலாம். சக்கரவர்த்தி தப்பினால் கட்டடம்தான் கட்டவேண்டும். அப்படிக் கட்ட நினைத்தவற்றில் ஒன்று கீவ் நகரத்துக்கு ஒரு மாபெரும் வாசல். சுட்ட இடம் பீட்டர்ஸ்பர்க், வாசல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இதில் தர்க்கம் தேடக்கூடாது; அரசு விழாக்களில் அதைத் தேடும் வழக்கமும் இல்லை. எதற்காக வாசல் என்பதையும் உரக்கச் சொல்லவில்லை. ‘ஏப்ரல் 4 நிகழ்ச்சி’ என்று நாசூக்காகக் குறிப்பிட்டார்கள், ஏதோ கச்சேரி நடந்ததுபோல.

வாசலின் வடிவத்துக்காக ஒரு போட்டி வைத்தார்கள். அதற்கு விக்டர் ஹார்ட்மன் என்ற கட்டடக் கலைஞர் ஒரு படம் வரைந்தார். பழைய ஸ்லாவியப் போர்வீரனின் தலைக்கவசம் மாதிரி ஒரு கும்மட்டம், பக்கத்தில் மணிக்கூண்டு, உச்சியில் இரட்டைத் தலைக் கழுகு. எல்லாவற்றையும்விட ரசிக்கத்தக்கவை தூண்கள். யுக யுகமாகப் பாரம் சுமந்து பாதி பூமிக்குள் இறங்கிவிட்டவைபோல அவற்றை வரைந்திருந்தார். புதுக் கட்டடம் பூமிக்குள் இறங்கினால் ஒப்பந்தக்காரரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். ஹார்ட்மன் அதைத் திட்டத்திலேயே எழுதிவிட்டார். தன் படைப்புகளிலேயே இதுதான் சிறந்தது என்று அவர் நினைத்தாராம்.

போட்டி கைவிடப்பட்டது. என் ஊகம் இதுதான்: ‘உங்களை ஒருவன் சுட வந்தானே, ஞாபகமிருக்கிறதா?’ என்று தினமும் கேட்கும் ஒரு கட்டடத்தை எந்த மன்னரும் விரும்பமாட்டார். அடுத்த வருடமே பாரீஸில் இன்னொருவன் சுட்டான். பிறகு ரயிலுக்குக் குண்டு வைத்தார்கள், அரண்மனைச் சாப்பாட்டு அறைக்குக் கீழேயே வைத்தார்கள். ஒவ்வொரு தப்பலுக்கும் ஒரு வாசல் என்று ஆரம்பித்திருந்தால் ரஷ்யாவில் சுவர் எழுப்ப இடம் மிஞ்சியிருக்காது.

ஹார்ட்மன் 1873-இல், 39 வயதில், ரத்தநாளம் வெடித்து இறந்துபோனார். அவருடைய நண்பர் மொடெஸ்ட் முசோர்க்ஸ்கி. முன்னாள் காவல்படை அதிகாரி, இந்நாள் வனத்துறை குமாஸ்தா, எந்நாளும் குடி. கடைசியாக இருவரும் தெருவில் நடந்தபோது ஹார்ட்மன் மூச்சு முட்டிச் சுவரில் சாய்ந்திருக்கிறார். இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஆறுதல் பேசி நகர்த்திவிட்டார். பிறகு அதையே நினைத்து நினைத்துக் கடிதங்களில் தன்னைத் திட்டிக்கொண்டார்.

இருவருக்கும் பொது நண்பர் விளாதிமிர் ஸ்டாசோவ். தாடி, குரல், அபிப்பிராயம் மூன்றுமே பெரிதாக வாய்த்த விமர்சகர். அவர் முயற்சியில் 1874-இன் தொடக்கத்தில் கலைக் கழகத்தில் ஹார்ட்மனின் சுமார் 400 படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்கள். முசோர்க்ஸ்கி போய்ப் பார்த்தார். ஜூனில் உட்கார்ந்தார், ஏறக்குறைய மூன்றே வாரத்தில் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ என்ற பியானோத் தொகுப்பு முடிந்துவிட்டது. அந்த மூன்று வாரமும் வனத்துறைக் கோப்புகள் என்ன கதியாயின என்று யாரும் விசாரிக்கவில்லை. மரங்கள் தாமாகவே வளர்ந்திருக்கும்.

பத்துப் படங்கள், நடுநடுவே ஒரு ‘உலாவல்’ மெட்டு. பருத்த மனிதர் ஒருவர் படத்துக்குப் படம் நடக்கிறார், ஐந்தும் ஆறுமாக மாறும் தாளத்தில். அவர் முசோர்க்ஸ்கியேதான், ஸ்டாசோவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த நடை நேராக இல்லாததற்குத் தாளம் மட்டும்தான் காரணமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

பத்தாவது படம்தான் கீவ் வாசல். அதற்குள் நாம் நுழையும் விதமே அடாவடியானது. ஒன்பதாவது படம், கோழிக்கால் குடிசையில் குடியிருக்கும் சூனியக்காரி பாபா யாகா. ஹார்ட்மன் வரைந்தது அந்தக் குடிசை உருவத்தில் ஒரு கடிகாரம்தான். முசோர்க்ஸ்கி கடிகாரத்தைத் தூக்கியெறிந்துவிட்டுக் கிழவியைப் பறக்கவிட்டார். அவள் பியானோவின் அடிக்கட்டைகளை மிதித்து, இரண்டு கைகளும் மாறி மாறி எட்டுசுரத் தாவல்களாக மேலேறி, மூச்சுவிடாமல் பாய்ந்துவந்து நேராக வாசலில் மோதுகிறாள். இடைவெளியே கிடையாது. மோதிய கணத்தில் கிழவி காணாமல் போகிறாள். ஈ-ஃப்ளாட் மேஜரில் பாறை பாறையாக ஸ்வரக்கட்டுகள் எழுந்து நிற்கின்றன.

இங்கேதான் பியானோ கலைஞர்கள் காலங்காலமாகப் புலம்புகிறார்கள். பியானோ சுத்தியலால் அடிக்கும் வாத்தியம். அடித்த கணத்திலிருந்தே ஸ்வரம் சாகத் தொடங்குகிறது. வயலின்காரர்போல இழுத்துப் பிடிக்க வழியில்லை. பியானோ மேதை லிஸ்ட் மாதிரி ஒருவராக இருந்தால் அந்த இடைவெளிகளையெல்லாம் சரிகை ஓட்டங்களால் அடைத்திருப்பார். முசோர்க்ஸ்கி அப்படியே மொட்டையாக விட்டார். ஒரு கல், அடுத்து ஒரு கல், நடுவே அதிர்வு அடங்கும் சத்தம். பியானோவுக்கு எழுதத் தெரியாதவர் என்று படித்தவர்கள் சொன்னார்கள். எனக்கென்னவோ, எழுதத் தெரிந்தவர் யாரும் இப்படி எழுதத் துணிந்திருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

முழக்கம் ஓய்ந்ததும் ஒரு தேவாலயப் பாட்டு. ரஷ்யத் திருமுழுக்குப் பாடலை ஒட்டியது, ஏ-ஃப்ளாட் மைனரில், நான்கு குரலில். அதன் தலையில் முசோர்க்ஸ்கி எழுதிய குறிப்பு: ‘உணர்ச்சி இல்லாமல்.’ காலத்தைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு பியானோக்காரரும் கண்ணை மூடி, தலைமுடியைச் சிலுப்பி, உணர்ச்சியை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. ஜார் உயிர் தப்பியதைக் கொண்டாடும் வாசலில், நண்பனின் நினைவுக்கு எழுதும் இசையில், இந்த மனிதர் ‘உணர்ச்சி வேண்டாம்’ என்கிறார். தினமும் பாடும் துறவிகள் அப்படித்தான் பாடுவார்கள். அவர்களுக்கு அது வேலை. அந்த வெறுமையான நான்கு குரலில் இருக்கும் துக்கம் பத்து ஒப்பாரியில் வராது. சில கலைஞர்கள் இந்த இடத்தில் குழைகிறார்கள். அவர்களை மன்னிக்கவேண்டிய அவசியமில்லை.

மறுபடி முழக்கம், இப்போது ஒரு கை மெட்டைத் தாங்க, இன்னொரு கை எட்டுசுர வரிசைகளில் ஏறி இறங்கி ஓடுகிறது. மறுபடி பாட்டு. பிறகு மணிகள். ஹார்ட்மன் பக்கத்தில் வரைந்த அந்த மணிக்கூண்டை முசோர்க்ஸ்கி விடவில்லை. அடியில் பெரிய மணி, அதன்மேல் சின்ன மணிகள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று மோதிக் கலங்கும் கார்வை. அந்த இரைச்சலுக்குள் தெரிந்த மெட்டு ஒன்று கேட்கிறது: உலாவல்! இதுவரை படங்களுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த பருத்த ஆள், டிக்கெட் யாரும் கேட்பதற்குமுன், படத்துக்குள்ளேயே போய்விட்டார். கட்டாத வாசலுக்குள் முதலில் நுழைந்தவர், அதற்குக் காரணமான மன்னரல்ல, ஒரு குமாஸ்தா.

கடைசிப் பக்கம் மெதுவாக, இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக என்று போகிறது. பியானோவில் அதற்குமேல் சத்தம் இல்லை என்ற இடத்துக்கு வந்த பிறகும் முசோர்க்ஸ்கி இன்னும் வேண்டும் என்கிறார். பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் பொறுக்கமுடியாமல் தானே ஸ்வரங்களைக் கூட்டி வாசித்தார். இசையமைப்பாளர் மோரிஸ் ரவேல் 1922-இல், இசைக்குழு நடத்துநர் செர்கேய் குசெவிட்ஸ்கி கேட்டுக்கொண்டதற்காக, தொகுப்பை வாத்தியக் குழுவிடம் ஒப்படைத்தார். எக்காளம், மணி, பெரிய சேகண்டி என்று வாசல் கட்டி, வெள்ளையடித்து, மின்விளக்கும் போட்டாயிற்று. உலகம் இன்று அறிந்திருப்பது அதைத்தான். பிரமாதமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் நூறு பேர் சேர்ந்து வாசல் கட்டுவதில் என்ன ஆச்சரியம்? பத்து விரல் கட்டமுடியாததைக் கட்டப் போராடுவதுதான் இந்த இசை. ரவேல் அந்தப் போராட்டத்தைச் சம்பளம் கொடுத்துத் தீர்த்துவைத்துவிட்டார்.

1881 மார்ச் 1-ஆம் தேதி, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி, அலெக்சாண்டரின் தப்பல்கள் முடிந்தன. பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையில் குண்டு வீசிக் கொன்றார்கள். அப்போது முசோர்க்ஸ்கி அதே ஊரின் ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தார். ராணுவத்தைவிட்டு இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டதால் விதிப்படி அங்கே இடமில்லை. ஒரு மருத்துவர் தன்னுடைய ஏவலாள் என்று பதிவு செய்து படுக்கை வாங்கிக்கொடுத்திருந்தார். மன்னர் இறந்த மறுநாள் ஓவியர் இல்யா ரெப்பின் வந்து, நான்கு நாளில் அந்தப் புகழ்பெற்ற படத்தை வரைந்தார்: அங்கி, கலைந்த தலை, சிவந்த மூக்கு. மார்ச் 16-ஆம் தேதி முசோர்க்ஸ்கியும் போய்ச்சேர்ந்தார். வாசலுக்குக் காரணமானவரும் வாசலைக் கட்டியவரும் பதினைந்து நாள் இடைவெளியில் காலி.

தொகுப்பு அவர் உயிரோடிருந்தவரை அச்சாகவில்லை. ஒழுங்குக்குப் பேர்போன நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அங்கங்கே திருத்தி 1886-இல் வெளியிட்டார். எழுதியபடியே வெளிவர 1931 ஆயிற்று. கண்காட்சியில் இருந்த படங்களில் பெரும்பாலானவை தொலைந்துபோயின. வாசல் படம் பிழைத்திருக்கிறது. கீவுக்குப் போய் வாசலைத் தேடும் இசைப் பிரியர்கள் பதினோராம் நூற்றாண்டுப் பொன்வாசலைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டியதுதான். அதுவும் இடிபாடுகளின்மேல் 1982-இல் எழுப்பியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேட்பதென்றால் பியானோ கலைஞர் ஸ்வியாடொஸ்லாவ் ரிக்டர் 1958 பிப்ரவரியில் சோபியா நகரில் வாசித்த பதிவைக் கேளுங்கள். ரவேல் வடிவம் அவருக்கு அறவே பிடிக்காது. அரங்கில் குளிர்கால இருமல் ஏராளம், தப்பு ஸ்வரமும் உண்டு, இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். வாசல் ஐந்து நிமிடம்தானே என்று நேரே அங்கே போய்விடாதீர்கள். குறைந்தபட்சம் சூனியக்காரியிலிருந்தாவது தொடங்குங்கள்.