தலை மாறினால் வண்டி மாறுமா?

கே: மஸ்கிள் கார் என்கிறார்களே, அதென்ன பயில்வான் வண்டியா?

ப: இரவல் நெஞ்சு பொருத்திய பயில்வான். 1964-ல் பான்டியாக் கம்பெனி, பெரிய காருக்கென்று செய்த 389 கன அங்குல வி8 எஞ்சினைத் தூக்கி நடுத்தர டெம்பெஸ்ட் காருக்குள் வைத்து, ஜிடிஓ என்று பெயர் சூட்டியது. அந்த அளவுக் காரில் 330-க்கு மேல் போகக்கூடாது என்பது தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் கட்டளை. ‘புது மாடலா? இல்லையே, வெறும் ஆப்ஷன்தானே’ என்று நழுவிவிட்டார்கள். சட்டத்தில் சந்து தேடுவது நமக்கு மட்டுமே வந்த கலை என்று நினைத்திருந்தேன்.

கே: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் 1969 கமாரோ வாங்கியிருக்கிறார், 350 எஞ்சின். அவருடைய சேர்க்கையெல்லாம் “முதலில் சிலிண்டர் ஹெட்டை மாற்று” என்கிறது. ஹெட்டில் அப்படி என்ன இருக்கிறது?

ப: மூக்கு, தொண்டை, அடுப்பு மூன்றும். வால்வு, காற்று வந்துபோகும் போர்ட், நெருப்புப் பிடிக்கும் சேம்பர் எல்லாம் அங்கேதான். காசை எடுப்பதற்கு முன் மச்சானை வால்வு கவரைக் கழற்றச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால், உள்ளே வார்ப்பிலேயே ஓர் எண் தெரியும். கடைசி மூன்று இலக்கம் 186 என்றால், கும்பிட்டுவிட்டு கவரை மூடலாம். ஹெட்டின் முனையில் ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு மேடு இருக்கும். சேம்பர் சுமார் 64 சிசி. அந்தக் காலத்து ஹெட்டுகளில் நல்ல ஜாதி. 882 என்றிருந்தால், அது எழுபதுகளின் தலை, யாரோ பிறகு மாட்டிவிட்டுப் போனது. சேம்பர் 76 சிசி, விரிசல் விடுவதிலும் பெயர் வாங்கியது. அதை மாற்ற என்னைக் கேட்க வேண்டாம்.

கே: 12 சிசி வித்தியாசம். ஒரு மடக்கு காப்பிகூட இல்லையே?

ப: அந்த ஒரு மடக்கில்தான் சூடே இருக்கிறது. 350-ல் ஒரு சிலிண்டர் சுமார் 717 சிசி. தட்டைத் தலை பிஸ்டனோடு கணக்குப் போட்டால், 76 சிசி சேம்பரில் கம்ப்ரெஷன், அதாவது கலவையை நெருக்கும் விகிதம், எட்டரைக்கு ஒன்று, 64-ல் ஒன்பதரை. ஒரு புள்ளி ஏறினாலே ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கும்போது தெரியும். ரொம்ப ஏற்றினால் வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம் வரும். அது தாளிப்பு அல்ல, பிஸ்டனுக்குச் சங்கு.

கே: பழைய ஹெட் அவ்வளவு நல்லதென்றால் ஏன் மாற்றுகிறார்கள்?

ப: பெட்ரோல் மாறிவிட்டதே! அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டோடு ஒட்டிப் பிய்ந்து வராமல் நடுவில் மெத்தையாகக் கிடந்தது அந்த ஈயம்தான். ஈயம் போனதும், வண்டியை விரட்டி ஓட்டினால் வால்வு சீட்டைத் தின்று உள்ளே இறங்குகிறது. 1971-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷனை இறக்கியது. கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் ஒரே வருடத்தில் 370 குதிரையிலிருந்து 330-க்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும் வண்டி என்றால், லேத்தில் கொடுத்துக் கடினப்படுத்திய சீட் வைத்துக்கொண்டால் போதும். பல்லை அடைத்தால் போகிற வலிக்குத் தலையை எடுக்க வேண்டாம்.

கே: அலுமினியமா, வார்ப்பிரும்பா?

ப: அலுமினியம் எடையில் ஏறக்குறைய பாதி, சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும். அதனால் கொஞ்சம் கூடுதல் கம்ப்ரெஷனைத் தாங்கும். பர்ஸுக்கு வார்ப்பிரும்புதான். 1996-ல் பிக்கப் வண்டிகளில் வந்த வோர்டெக் ஹெட்டை ஏழைகளின் அமிர்தம் என்பேன். 64 சிசி, நல்ல போர்ட். ஆனால் பழைய இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் துளை அதில் சேராது, வால்வை ரொம்ப உயரத் தூக்கும் கேமையும் தாங்காது. மருமகளோடு சீர்வரிசையும் வரும். இங்கே வாங்குவது நீங்கள்.

கே: வீட்டிலேயே மாட்டலாமா?

ப: ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட். நடுவிலிருந்து வெளியே, சுற்றுச் சுற்றாக, டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். துளைகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் திறப்பவை, மரையில் சீலன்ட் தடவ மறந்தால் வண்டி அழும். பிறகு நீங்கள்.

கே: ஹெட்டை மாற்றினால் அது ஒரிஜினல் கார்தானா?

ப: இது வேதாளம் கேட்ட கேள்வி. கணவனுடைய தலையையும் இன்னொருவன் தலையையும் மாற்றி ஒட்டிவிட்டால் எவன் கணவன்? எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம், தலை எதுவோ அவனே கணவன் என்றார் விக்கிரமாதித்தன். பழைய கார் சந்தையில் அவர் தோற்றிருப்பார். அங்கே பிரதானம் உடம்புதான்: எஞ்சின் பிளாக்கில் வலப்பக்க ஹெட்டுக்குச் சற்று முன்னால், விரல் நீளத் திட்டில் குத்திய எண். ஹெட் மாற்றும் சாக்கில் லேத்துக்காரர் “பிளாக்கையும் ஒரு இழை சீவிவிடட்டுமா?” என்பார். அந்த எண்ணும் சேர்ந்து சீவப்படும். உரக்க ‘வேண்டாம்’ சொல்லவும்.

கே: என் கணவர் கழற்றிய ஹெட் இரண்டையும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். எடைக்குப் போடலாமா?

ப: அதில் C 14 9 என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். C என்றால் மூன்றாம் மாதம்; மார்ச் 14, 1969-ல் வார்த்தது. தேதி கார் பிறப்பதற்குச் சற்று முந்தியதாக இருந்தால் விற்காதீர்கள். காரை விற்கும் அன்று வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார். ஹெட் ஒவ்வொன்றும் இருபது கிலோ இருக்கும். பெருக்கும்போது அவரையே நகர்த்தச் சொல்லுங்கள்.