வெளக்கு நாத்து

கேள்விப்பட்டேன் மாப்ளே. சம்பா அறுப்பு முடிஞ்சதும் கழனியில மறுபடியும் நெல்லு நடப் போறியாம். நெல்லுன்னா திங்கிற நெல்லு இல்லையாம், கம்பி நட்டு நுனியில எல்இடி பல்பு மாட்டின நெல்லாம். ஐயாயிரம் குத்து. ராத்திரியில காத்து தடவுற மாதிரி பச்சை அலை ஓடணும், விடியறதுக்குள்ள மஞ்சளா வெளைஞ்சு சாயணும். பலே! உரம் வேணாம், களை எடுக்க வேணாம், கொள்முதல் நிலையத்து வாசல்ல மூட்டைக்குக் காவல் படுக்க வேணாம். இப்படி ஒரு ரகம் வந்திருக்குன்னு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டுடு.

ஆஸ்திரேலியாவுல உலுரு பாறைக்குப் பக்கத்துல புரூஸ் மன்றோங்கிறவர் 2016ல 50,000 தண்டு நட்ட படத்தைப் போன்ல காட்டினே. சூரியசக்தியில எரியுதுன்னே. அழகுதான், நான் இல்லைங்கலை. ஆனா அவர் தண்டுக்குள்ள ஓட வுட்டது வெளிச்சத்தை. நீ ஓட வுடப் போறது கரண்டை. அது பாலைவனம், இது நம்ம வளையமாதேவிக் களிமண்ணு. இங்க எதை நட்டாலும் மொதல்ல பல்லு வெச்சுப் பார்க்கிறது எலி.

சீரியல் செட்டு கட்டின கையி மாப்ளே இது. ஒங்க ப்ரோகிராம் எல்லாம் அப்ப மர உருளை. மேல செம்புத் தகடு அடிச்சு, மோட்டார்ல சுத்த வுட்டா, தகடு தொடற நேரம் பல்பு எரியும், தொடாத நேரம் அணையும். அன்னம் நடக்கும், மயில் தோகை விரிக்கும். வங்காளத்துல சந்தன்நகர்னு ஒரு ஊரு, ஸ்ரீதர் தாஸுன்னு ஒரு மனுசன், இந்த வேலையிலயே பேர் வாங்கினவரு. அவங்களே உருளையை வுட்டுட்டு எல்இடிக்கு மாறிட்டாங்க. அதனால புதுசு வேணாம்னு ஒன்னைத் தடுக்க மாட்டேன். தடுத்தா நீ கேக்கப் போறியா என்ன.

ஒன் டபிள்யூஎஸ் 2811 பல்பு வேலை செய்யறது நம்ம வாய்க்கால் முறைதான். தலைமடைக்காரன் தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அடுத்தவனுக்கு வுடறான். மொத பல்பு தனக்கு வந்த 24 பிட்டை வெச்சுக்கிட்டு மீதியைத் தள்ளி வுடுது. நடுவுல ஒருத்தன் செத்தா அதுக்கப்புறம் மொத்தமும் காஞ்சு போவும். ஒரு பல்புக்கு 30 மைக்ரோ செகண்டு, ஆயிரத்துக்கு 30 மில்லி செகண்டு. ஐயாயிரத்தையும் ஒரே லைன்ல கோத்தியானா நொடிக்கு ஆறேழு தரம்தான் படம் மாறும். அலை ஓடாது, விக்கும். எட்டு லைனாப் பிரி.

இது சுலுவான பாதி. வெளக்கு வாங்கறவன் எல்லாரும் சறுக்கற எடம் ஒயரு. 5 வோல்ட் பல்பு முழு வெள்ளையில எரிஞ்சா 60 மில்லி ஆம்பியர் குடிக்கும். ஐயாயிரத்துக்குக் கணக்குப் போடு: 300 ஆம்பியர். பச்சை மட்டும்னா அதுல மூணுல ஒரு பங்கு. மஞ்சளுக்குச் செவப்பும் பச்சையும் சேர்ந்து எரியணும், அப்ப ரெண்டு பங்கு. ஆக, பயிர் வெளையற நேரத்துலதான் செலவு ஏறும். அந்த ஒரு விசயத்துல நெசமான நெல்லுதான்.

கடைமடைக்கு என்ன கெதின்னு ஒனக்குச் சொல்லணுமா? 5 வோல்ட்டுன்னு கெளம்பினது ஒயர்லயே கரைஞ்சு கடைசிக் குத்துக்கு மூணரையா வந்து சேரும். பச்சைக்கு வோல்ட்டு கூட வேணும், செவப்புக்குக் கொறைச்சல் போதும். அதனால பச்சை மங்கும், செவப்பு நிக்கும், ஒன் மஞ்சள் கதிரு செவந்து போவும். வேடிக்கை பார்க்க வந்தவன் குலைநோய்னு மருந்தடிக்கச் சொல்லுவான். அம்பது பல்புக்கு ஒரு எடத்துல தடி ஒயர்லேர்ந்து தனியா மடை தொறந்து வுடு. எத்தினி எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வெச்சாலும் கருப்பு ஒயரை எல்லாம் ஒண்ணாச் சேரு, செவப்பை ஒண்ணோட ஒண்ணு சேர்க்காதே.

இன்னொண்ணு. பல்புக்கு உத்தரவு குடுக்கிற ஈஎஸ்பி 32 போர்டு 3.3 வோல்ட்டுல முணுமுணுக்கும். இந்தப் பல்புக்கு 3.5 இருந்தாத்தான் காது கேக்கும். வூட்டு மேசையில கேட்டுடும், அம்பதடி தள்ளிக் கழனியில கேக்காது, கண்டபடி கண் சிமிட்டும். நடுவுல சத்தத்தைத் தூக்கிக் குடுக்க 74 ஏஹெச்சிடி 125ன்னு ஒரு ஐசி இருக்கு. அதை வாங்கக் கஞ்சத்தனப்பட்டுட்டு அப்புறம் மாரியாத்தா குத்தம்னு சொல்லாதே.

இப்ப வெளையாட்டு இல்லை. 230 வோல்ட்டு வரப்பை வுட்டுக் கீழ எறங்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் எல்லாம் மேட்டுல, மூடி போட்ட பெட்டியில. முன்னாடி 30 மில்லி ஆம்பியர்ல விழுற ஈஎல்சிபி. கொக்கி போடற பேச்சே வேணாம், தற்காலிக இணைப்புக்குப் பணம் கட்டு. எலிக்கு வேலி போடறேன்னு கழனிக்குக் கரண்டு குடுத்து ஆளையே காவு குடுத்த கதை எத்தினி கேட்டிருக்கோம்.

அப்புறம் பூச்சி. வேளாண்மைத் துறைக்காரங்க குருத்துப் பூச்சியைப் புடிக்கக் கழனிக்கு ஒரு வெளக்குப் பொறி வைக்கச் சொல்லுவாங்க. நீ ஐயாயிரம் வைக்கிறே! பக்கத்துக் கழனிக்காரன் நவரை நட்டிருக்கான். அவன் பூச்சியெல்லாம் ஒன்கிட்ட வந்தா கையெடுத்துக் கும்புடுவான். ஊர்ப் பூச்சியெல்லாம் போற வழியில அவன்கிட்ட எறங்கினா, கும்புட மாட்டான்.

எல்லாம் சரி, எந்த எடத்துல நடப் போறேன்னு மட்டும் மழுப்பறியே? மேல்வளையமாதேவிப் பக்கமா அளவு எடுத்துக்கிட்டு இருந்தியாமே. 2023 ஜூலை 26ல கரிச் சுரங்கத்துக்கு வேண்டிய பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகப் பச்சைப் பயிர்மேல மண்வாரி எந்திரம் ஏறினதை நாடே டிவியில பார்த்த எடம் அது. கரியெடுத்துக் கரண்டாக்கி ஊர் உலகத்துக்கு அனுப்புற மண்ணு, அந்தக் கரண்டை வாங்கி அங்கியே நெல்லு நடணும்னு தோணியிருக்கு ஒனக்கு. மாமன் ஒண்ணும் கேக்கலை, எனக்கு ஒண்ணும் தெரியாது.

ஆனா, அப்ப ஏக்கருக்கு 40,000 ரூபாய்னு கோர்ட்டு சொன்னது நெசப் பயிருக்கு. பல்பு நெல்லுக்கு ரேட்டு யாரும் சொல்லலை. அதனால குத்துக் குத்தா ஈயம் வெச்சுப் பத்தவைக்காதே. தண்ணி பூராத கனெக்டரா வாங்கிப் போடு, எந்திரம் வர்ற சத்தம் கேட்டா கையாலயே கழட்டிச் சுருட்டற மாதிரி.