ஒரு கோப்பை மரம்: குளுவாங் கதவுகளில் பூட்டுக்குழி எடுக்கும் கருவிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கதவைப் பற்றிய பேச்சுக்குத் தமிழில் என்றுமே பஞ்சமில்லை. நிலை வைக்க நாள் பார்க்கிறோம், மஞ்சள் பூசுகிறோம், மாவிலை கட்டுகிறோம். திருக்குறளின் 8ஆம் அதிகாரத்திலேயே தாழ் வந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தாழைப் பொருத்தக் கதவின் விளிம்பில் எத்தனை நூல் அகலத்துக்குக் குழி எடுப்பது, எந்தக் கருவியால் எடுப்பது என்ற இடத்தில் பரிமேலழகர் உட்பட எல்லா உரையாசிரியர்களும் கைவிரித்துவிடுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் விட்ட இந்தக் குறையை நிரப்புவதே இவ்வாய்வின் பணிவான நோக்கம். ஆய்வுக் களம் ஜோகூர் மாநிலத்துக் குளுவாங். பழம் தின்னும் பெரிய வௌவாலுக்கு மலாயில் உள்ள பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் அது. அந்த வௌவால் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்குவது, கதவோ பூட்டோ வைத்துக்கொள்வதில்லை. எனவே பூட்டு விஷயத்தில் இந்த ஊருக்குப் பரம்பரைச் சாய்வு இருக்க வாய்ப்பில்லை. நடுநிலை ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

முதலில் அளவு. கைப்பிடித் துளைக்கும் சாவித் துளைக்கும் நடுவே 72 மி.மீ., கதவு விளிம்பிலிருந்து சாவித் துளையின் மையம் 55 மி.மீ. என்ற ஜெர்மானியக் கணக்கில் வரும் பூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டி உள்ளே இறங்க ஏறத்தாழ 165 மி.மீ. உயரம், 16 மி.மீ. அகலம், 88 மி.மீ. ஆழம் வேண்டும். பெருக்கினால் 232 கன சென்டிமீட்டர். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் இருந்துவரும் காப்பிக்கடையின் பெயரைக் கேட்டவர்களுக்கு இந்த அளவை விளக்கத் தேவையில்லை. தாராளமாக ஊற்றிய ஒரு கோப்பை காப்பி. சுழலும் முனையால் மரத்தைக் குடையும் ரூட்டரின் கட்சியும் உளிக் கட்சியும் அடித்துக்கொள்வது எல்லாம் கதவிலிருந்து ஒரு கோப்பை மரத்தை வெளியே எடுப்பது பற்றித்தான்.

இந்தக் கோப்பையை இன்னும் கொஞ்சம் ஆராய்ந்தால் சண்டை மேலும் சுருங்குகிறது. எந்தக் கட்சிக்காரரானாலும் முதலில் டிரில்லைத்தான் எடுக்கிறார். ஆசாரிமார் கணக்கில் 5 நூல், அதாவது 16 மி.மீ. முனையால் ஒன்றையொன்று தொட்டபடி மேலிருந்து கீழாகப் பத்துத் துளை. ஒரு துளைக்கு 17.7 கன செ.மீ. வீதம் பத்துத் துளையில் 177 போய்விடுகிறது. மிச்சம் 55. துளைகளுக்கு இடையில் மேடு மேடாக நிற்கும் மரமும், இரு நுனியில் உள்ள வளைவுமே அந்த 55. உலகம் முழுவதும் தச்சர்களின் நட்பைக் கெடுத்துவரும் கருவிச் சண்டை, கோப்பையின் அடியில் நிற்கும் காப்பித்தூளைப் பற்றியது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. அப்படியானால் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டிய கருவி டிரில்லின் முனைதான். அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

சண்டை போட வேண்டிய விஷயம்தான் அது. 38 மி.மீ. தடிமனுள்ள கதவில் 16 போனால் இரு பக்கமும் 11 மி.மீ. சுவர் நிற்கும். கை இரண்டே பாகை சாய்ந்தாலும் 88 மி.மீ. ஆழத்தில் முனை 3 மி.மீ. விலகிவிடும், ஒரு பக்கச் சுவர் 8 ஆகும். தட்டை முனை மலிவானது, ஆனால் மெரந்தி போன்ற மரங்களில் இழை பின்னிக் கிடப்பதால் அது தன் இஷ்டத்துக்கு வழி பார்த்துக்கொண்டு போகும். நுனியில் திருகு வைத்த ஆகர் முனை தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு நேராக இறங்கும். சின்ன டிரில்லாக இருந்தால் பாதியில் திணறி நின்றுவிடும், மணிக்கட்டையும் ஒரு முறுக்கு முறுக்கும். விளிம்பால் வெட்டும் வட்ட முனை துளைச் சுவரைப் பளிங்குபோல் விடுகிறது. ஆனால் தண்டு குட்டை, நீட்டிப்பு இல்லாமல் 88 எட்டாது. மரத்தையும் பார்க்க வேண்டும். மலேசியக் காடுகளின் பெருமைக்குரிய கடின மரம் ஒன்றின் பெயரைத் தமிழில் எழுதினால் செங்கல் என்று வருகிறது. அதில் துளை போட்டுப் பார்த்தவர்கள் இதை எழுத்துப்பிழையாகக் கருதுவதில்லை. அதில் நம் ஒரு கோப்பை 200 கிராமைத் தாண்டும். வெளிர்சிவப்பு மெரந்தியில் ஏறத்தாழப் பாதி. செங்கல் கதவில் தட்டை முனையை விடாமல் அழுத்தினால் முதலில் புகைதான் வரும். ஆகவே கெட்டி மரத்துக்கு ஆகர் முனை, வேகம் குறைவு, ஆழம் காட்ட முனையில் ஒரு சுற்று ஒட்டுத்தாள். மெரந்திக்குத் தட்டை முனையே போதும், கதவை ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்தி, பக்கவாட்டில் இன்னொருவர் நின்று சாய்வைப் பார்த்துச் சொல்வாரென்றால்.

மிச்ச 55க்கு உளி. இதற்கு இவ்வாய்வு இரண்டு சான்றுகளைத் திரட்டியுள்ளது. ஒன்று ஊர்ப்பெயர்ச் சான்று. 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் குளுவாங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் தாண்டிப் போனால் பத்து பஹாட். பத்து என்றால் கல், பஹாட் என்றால் உளி. சயாமியப் படைவீரர்கள் குடிநீருக்காகப் பாறையைக் குடைந்ததால் வந்த பெயர் என்பது செவிவழிக் கதை. உளியின் பெயரில் பக்கத்திலேயே ஒரு பட்டணம் இருக்கிறது. ரூட்டரின் பெயரில் ஜோகூரில் ஒரு கம்பம்கூட இல்லை. இன்னொன்று தொழில்மரபுச் சான்று. இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் சீவினார்கள். பட்டையை ஆழமாகச் சீவினால்தான் பால் வரும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடிப்போனால் உள்ளே உயிர்ப்படலம் காயப்படும், மரம் முண்டு கட்டிவிடும், கங்காணி கத்துவார். ஆழத்தைக் கையாலேயே உணரும் அந்த வித்தை பேரப்பிள்ளைகளுக்கு ரத்தத்தில் இறங்காதே என்று ஆட்சேபம் வரலாம். நியாயமான ஆட்சேபம். எனவே ஒரு அங்குல உளியும் அரை அங்குல உளியும் வாங்கி, தீட்டுக்கல்லில் முடியைச் சிரைக்கும் அளவுக்குத் தீட்டிவைத்துக்கொள்வது நல்லது. அகல உளியின் தட்டை முதுகை, குழியின் ஓரத்தைக் குறிக்கக் கேஜால் கீறிய கோட்டில் வைத்து, கொட்டாப்புளி இல்லாமல் உள்ளங்கையாலேயே அழுத்தினால் மேடு ஒவ்வொன்றும் சுருண்டு விழும். நுனியின் வளைவுகளுக்கு மட்டும் அரை அங்குல உளி, இரண்டு தட்டு.

ரூட்டர் கட்சியினர் இப்போது எழுந்து நிற்பார்கள். வேகம், சுத்தம், எல்லாக் குழியும் ஒரே அச்சு. உண்மைதான். ஆனால் சாதாரண ரூட்டர் 50 முதல் 65 மி.மீ.க்கு மேல் இறங்குவது அரிது. 88க்கு நீள முனையும் அதைப் பிடித்துக்கொள்ளும் அச்சுச் சட்டமும் தனியாக வேண்டும். இங்கிலாந்தின் சூபர் நிறுவனம் செய்யும் கருவியைப்போலக் கதவையே கவ்விக்கொண்டு, டிரில்லால் ஓடி, பக்கவாட்டில் அசைந்து அசைந்து குழி எடுப்பவையும் உண்டு. புதுத் தாமானில் நூறு வீட்டுக்குக் கதவு மாட்டும் குத்தகையாளர் அதை வாங்காவிட்டால்தான் தவறு. நான்கு கதவுள்ள வீட்டுக்காரருக்குக் கணக்கு வேறு. அவருக்காக இங்கே குளுவாங் விதி முன்வைக்கப்படுகிறது: கருவியைத் தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் குழி வெட்டும் நேரத்தை மிஞ்சும்போது, வாங்கப்படும் பொருள் கருவி அல்ல, பொழுதுபோக்கு. தவிரவும், பூட்டின் முகத்தகடு உட்கார 235க்கு 20க்கு 3 மி.மீ. பள்ளம் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சீனி அளவு. ரூட்டர் அதன் மூலைகளை வட்டமாக விட்டுச்செல்லும், தகடு சதுரமாக இருக்கும். கடைசியில் உளியைத் தேடித்தான் ஆக வேண்டும். மூலை உருண்ட தகடும் விற்கிறார்களே என்பார்கள். விற்கிறார்கள், ரூட்டருக்கு ஏற்றபடி பூட்டை மாற்றிக்கொள்ளும் நிலை வந்துவிட்டதே என்றுதான் கவலை.

குழியே எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம், இருப்பதிலேயே வலுவானது. அமெரிக்காவில் வால்டர் ஷ்லேக் 1920களில் உருளைப் பூட்டைக் கொண்டுவந்து, கதவில் 54 மி.மீ. வட்டத் துளை ஒன்று, விளிம்பில் சின்னத் துளை ஒன்று, அவ்வளவே என்றார். எடுக்கும் மரம் அரைக் கோப்பைக்குள். மலேசியப் படுக்கையறைகளின் குமிழ்ப் பூட்டு அந்த வம்சம். ஆனால் பின்னாளில் நல்ல பூட்டுக்கு மாற நினைத்தால், அந்த 54 மி.மீ. ஓட்டை கதவின் முகத்தில் நிரந்தரமாக விழித்துக்கொண்டிருக்கும். கைரேகைப் பூட்டு வந்த பிறகு காற்றும் திசை மாறிவிட்டது. 6068 என்ற எண்ணால் கடைக்காரர்கள் அழைக்கும் அதன் பெட்டிக்கு 240 மி.மீ. முகத்தகடு. விரலால் திறக்கும் ஆகப் புதிய பூட்டு, ஆகப் பழைய குழியையே கேட்கிறது, அதுவும் பெரிய கோப்பையாக.

உள்ளீடற்ற பிளைவுட் கதவுகளுக்கு இந்த ஆராய்ச்சி முழுவதும் பொருந்தாது. அவற்றில் பூட்டுக்கென ஒரு பக்கத்தில் மட்டும் கட்டை ஒன்றை மறைத்துவைத்திருப்பார்கள். கதவை மாற்றி மாட்டியிருந்தால் எந்தக் கருவியும் காற்றைத்தான் வெட்டும். டொக் டொக் என்று விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதே அங்கே தலைசிறந்த கருவி; கடையில் விற்பதில்லை.

இம்முடிவுகளைச் சரிபார்க்க விரும்பும் ஆய்வாளர்களுக்கு ஒரு முறையியல் எச்சரிக்கை. வெட்டிய மரத்தைக் கூட்டி அள்ளிக் கோப்பையில் போட்டு அளந்து, கணக்குத் தப்பு என்று கடிதம் எழுத வேண்டாம். சீவல் பூத்துவிடும். ஒரு கோப்பை மரத்துக்கு இரண்டு பால் டின்னாவது வேண்டியிருக்கும், மிச்சம் சட்டைப் பையில் கிடக்கும்.