உப்புப் பார்க்க ஒரு தூக்கு

தருமம் செய்வதற்குத் தனமும் மனமும் இருந்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவ்விரண்டோடு கொஞ்சம் ஊர்வம்பும் வேண்டும் என்பதை மட்டும், கௌரவம் கருதியோ என்னவோ, சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

திருநெல்வேலி டவுனில் ரதவீதியை ஒட்டிய எங்கள் தெருவுக்கு ஒரு நலச் சங்கம் உண்டு. தலைவர், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; செயலாளர் பதவி, வேறு எவரும் இணங்காத காரணத்தால், அடியேனிடம் வந்து சேர்ந்தது. ஒரு வருஷம் ஆனித் தேர்த் தண்ணீர்ப் பந்தல் செலவு போகக் கையிருப்பு மிஞ்சியபடியால், அதைத் தெருவிலுள்ள நலிந்தோருக்கு வழங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். தலைவர் தம் பூர்வாசிரம அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தார்: மனுதாரர் தமது வறுமைக்கான காரணங்களை ஐந்து வரிக்கு மிகாமல் எழுதி, சமீபத்தில் எடுத்த புகைப்படத்தை ஒட்டி, அவர் மெய்யாகவே நொடித்துப் போனவர்தாம் என்று தெருவின் கண்ணியவான்கள் இருவரிடம் சாட்சிக் கையொப்பமும் பெற்று, இரண்டு பிரதிகளாகச் சமர்ப்பிக்க வேண்டும். பிள்ளையார் கோயில் சுவரில் விளம்பரம் ஒட்டினோம். வந்த மனு ஒன்றே ஒன்று. அதைப் போட்டவர் எங்கள் பொருளாளரின் மைத்துனர். மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர். வாடகை ஒழுங்காக வசூலாவதில்லை என்பதே அவர் எடுத்துக் காட்டிய வறுமை. 'நம் தெருவில் நலிந்தோர் எவருமிலர்' என்று மினிட் புத்தகத்தில் பதிந்துகொண்டு, காராச்சேவும் காப்பியும் சாப்பிட்டுக் கலைந்தோம்.

கோடி வீட்டு ஆச்சிக்கு மினிட் புத்தகம் கிடையாது; திண்ணை உண்டு. காலையில் பால்காரர் வருவது முதல் இரவு கோயில் நடை சாத்தும்வரை அந்தத் திண்ணையில் அமர்ந்து, யார் வீட்டில் எத்தனை பாக்கெட் பால் வாங்குகிறார்கள், யார் வீட்டுச் சட்டை இஸ்திரி வண்டிக்குப் போகாமல் வீட்டிலேயே மடிக்கப்படுகிறது, எந்த வீட்டுப் பத்திரிகை நின்றுபோயிற்று என்பவற்றை ஆச்சி பராமரித்து வந்த நுட்பத்தில் நூற்றில் ஒரு பங்கு எங்கள் சங்கத்துக்கு இருந்திருந்தால், படிவம் அச்சடித்த செலவாவது மிஞ்சியிருக்கும். தெருவிலுள்ள மருமகள்மார் ஆச்சிக்கு அஞ்சினார்கள், நானும் அஞ்சினேன். ஆனால் ஒரு நாள், கைமாற்றுக் கேட்பவர்களைப் பற்றி நான் அலுத்துக்கொண்டபோது, ஆச்சி வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "காப்பிப்பொடி ஒரு தம்ளர் குடுங்கன்னு வாறவளுக்கு ஒரு குறையுமில்லய்யா, நாளைக்குத் திருப்பித் தருவோம்னு தைரியம் இருக்கு, கேக்கா. கேக்கதை நிறுத்திட்டான்னா அப்பத்தான் என்ன ஏதுன்னு பாக்கணும்" என்றாள். பொருளாதார சாஸ்திரத்தை முறையாகப் பயின்ற எனக்கு இதை எந்தப் பேராசிரியரும் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு வளவில் ஒரு குடும்பம் இருந்தது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைத்து வருகிறதல்லவா. தங்கள் அட்டைக்குரிய அரிசியைப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளையே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவது அவ்வீட்டு வழக்கம். ஒரு மாதம் அவ்வீட்டுக்காரியே, உச்சிவெயிலில், வரிசையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஜவுளிக்கடைப் பைக்குள் சாக்குப்பையை மடித்து வைத்துக்கொண்டு போனதை ஆச்சி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அன்று மாலை ஆச்சியின் பேரன் ஒரு தூக்கு நிறையப் புளிக்குழம்போடு அந்த வீட்டு வாசலில் நின்று, "ஆச்சிக்கு நாக்கு ருசி தெரியலியாம், உப்புப் பாத்துச் சொல்லணுமாம்" என்றான். உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டுப் போதும் என்பது உலகறிந்தது. நான்கு பேர் இரண்டு வேளை பார்க்கும்படியான அளவில் ஆச்சி அனுப்பியிருந்தாள். அதைவிடச் சாமர்த்தியம் ஒன்றுண்டு. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாதென்பது எங்கள் பக்கத்து ஆசாரமாகையால், தூக்கை அங்கே விட்டுவந்தால் அந்த அம்மாள் அதில் போட்டனுப்ப ஒரு பிடி சர்க்கரைக்கு எங்கே போவாள் என்று யோசித்து, குழம்பை ஊற்றிக்கொண்டதும் தூக்கைக் கையோடு வாங்கி வரும்படி பையனை வாசலிலேயே நிறுத்தியிருந்தாள்.

வடலூரில் வள்ளலார் 1867ஆம் வருஷம் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவனை அங்கே சாதி, குலம், காரணம் எதுவும் விசாரிப்பதில்லை. ஐந்து வரிக்கு எழுதித் தரவும் சொல்வதில்லை. அதனினும் உயர்ந்த ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் ஜவுளிக்கடைப் பைக்குள் சாக்கை ஒளித்துக்கொண்டு போகிற மானஸ்தர்கள் வடலூருக்கு வண்டியேறுவதில்லை. அவர்களுக்கு ஆச்சிதான் கதி.

வம்பு பேசுவதை நான் இவ்வளவு தூரம் சிலாகிப்பது சிலருக்கு விரசமாகத் தோன்றலாம். அவர்கள் பேகனை நினைத்துப் பார்க்க வேண்டும். மயிலுக்குப் போர்வை கொடுத்த அந்த வள்ளல், மலையில் ஒரு பறவை குளிரில் நடுங்குவதைக் கண்டு உருகியவன், தன் மனைவி கண்ணகி வீட்டில் அழுதுகொண்டிருந்ததைக் கவனிக்கத் தவறினான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய், 'உன் ஊரில் ஒரு பெண் அழுததைக் கண்டோம்' என்றும், 'எங்களுக்குப் பொருள் வேண்டா. நீ வீட்டுக்குப் போனால் அதுவே பரிசில்' என்றும் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. புறநானூற்றில் ஐந்து பாட்டு இதற்கே செலவாகியிருக்கிறது. அடுத்த வீட்டுத் தாம்பத்திய விவகாரத்தை அரசனிடமே போய்ப் பேசிய இந்த நால்வரையும், சங்கப் புலவர்கள் என்ற மரியாதையை ஒரு கணம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கோடி வீட்டுத் திண்ணையில் தாராளமாக உட்காரவைக்கலாம்.

இப்போது கட்டுகிற அடுக்குமாடி வீடுகளில் திண்ணை இல்லை. கதவில் கண்ணாடித் துளை ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் வந்தவனுக்குத் திறக்காமலிருப்பதற்காக.

எங்கள் தலைவரின் மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று பெங்களூர் போய்ப் பல வாரங்களாயின. பென்ஷனுக்குக் குறைவில்லாத மனிதர். அவரை நலிந்தோர் பட்டியலில் சேர்க்க எங்கள் விதிகளில் இடமில்லை. ஆனால் காலையில் ரொட்டிக்காரரை நிறுத்தி அரைமணி நேரம் ஜமாபந்தி நடத்திய பழங்கதை பேசுகிறார் என்பதும், அந்த ரொட்டிதான் மூன்று வேளையும் என்பதும் திண்ணைக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலையே தூக்கு போயிற்று. பையன் வழக்கமான வாசகத்தைச் சொன்னான். தலைவரோ, எந்த மனுவையும் மேலெழுந்தவாரியாகப் பைசல் செய்து அறியாதவர். தூக்கு காலியாகும்வரை பரிசீலித்துவிட்டு, சங்கத்தின் தலைப்பிட்ட காகிதத்தில், 'உப்பு போதுமானது. புளி சற்று மிகுதி. ஆவன செய்க' என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமும் வைத்து, தூக்குக்குள் போட்டு அனுப்பினார்.

பேரன் அதை உரக்க வாசித்தான். ஆச்சி மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டாள்.

"சரிய்யா. நாளைக்குப் புளியக் குறைச்சுப் போடுதேன். இன்னொரு தரம் பாத்து எழுதித் தரணும்னு தாசில்தார் ஐயாட்ட சொல்லிட்டு வா."